ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழறானா? காரணம் படிப்பாக இல்லாமலும் இருக்கலாம்!

ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராகப் பதினோராவது நாளாக ஆப்சென்ட் விழுகிறது. "அவனுக்குப் படிப்புல இஷ்டமில்ல சார்" என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். அம்மா காலை ஏழு மணிக்கே நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில். வீட்டில் கேட்டால் "வயித்து வலிம்மா" என்கிறான். தர்காவில் மந்திரித்தாயிற்று, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையும் வாங்கியாயிற்று. வலி மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை தவறாமல் வருகிறது. சனி, ஞாயிறு வருவதில்லை.

உண்மைக் காரணம் அந்த வகுப்பில் இருக்கும் நாற்பது பேருக்கும் தெரியும். அவன் நடப்பதையும் கையை அசைத்துப் பேசுவதையும் வைத்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. ப்ரேயரில் வரிசையில் நிற்கும்போது "நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்று பெண்கள் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். பி.டி. பீரியடில் கபடி டீமில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். டாய்லெட்டில் ஒருநாள் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு 'செக்' செய்யப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்று வலி பொய் இல்லை.

இந்தப் பையன் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஊரைச் சேர்ந்தவன் அல்ல. எந்த ஒன்றியத்தில் உள்ள பள்ளியிலும் நீண்ட காலம் வேலை பார்த்த ஓர் ஆசிரியரைக் கேட்டால், "ஆமா, அப்படி ஒருத்தன் படிச்சான். அப்புறம் வரல" என்பார். அந்த 'அப்புறம் வரல'தான் இந்த வாரப் பேச்சு.

புகார் ஏன் வருவதில்லை?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மை இளைஞர்களிடம் யுனெஸ்கோ சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நடத்தியது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படிக்கும்போது உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 60 சதவிகிதம். துன்புறுத்தலைப் பள்ளி நிர்வாகத்திடம் புகாராகச் சொன்னவர்களோ 18 சதவிகிதம்தான்.

மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதை ஊகிப்பது கடினம் இல்லை. "என்னைக் கேலி செய்றாங்க சார்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "என்னன்னு கேலி செய்றாங்க?" என்று வரும். அந்த வார்த்தையை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னால், "நீ ஒழுங்கா ஆம்பளப் புள்ளை மாதிரி நடந்தா அவங்க ஏன் சொல்லப் போறாங்க?" என்று தீர்ப்பு அவன் மீதே திரும்பும். போதாக்குறைக்கு அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள். பள்ளியோடு நின்ற விஷயம் வீட்டுக்கும் வந்துவிடும். அதற்குப் பதில் பள்ளியை நிறுத்திக்கொள்வது அவனுக்கு எளிது.

இப்படி நின்றுபோனவர்களின் கணக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாம். முதன்முறையாக ஆண், பெண் தவிர 'பிற' என்ற பிரிவிலும் அப்போது எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 4.88 லட்சம் பேர் அந்தப் பிரிவில் வந்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 56 சதவிகிதம். நாட்டின் பொதுவான எழுத்தறிவு அப்போது 74 சதவிகிதம். இந்த இடைவெளிக்கு மூளையில் காரணம் தேட வேண்டியதில்லை, வகுப்பறையில் தேடினால் போதும்.

யார் இந்தப் பிள்ளைகள்?

இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது பாலின அடையாளம். யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. இரண்டும் வேறு வேறு.

ஆண் என்று பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவர்களைச் சேர்த்துத் திருநர் என்கிறோம். ஆணாகவே உணரும் ஆணுக்கு இன்னோர் ஆண் மீதும், பெண்ணாகவே உணரும் பெண்ணுக்கு இன்னொரு பெண் மீதும் ஈர்ப்பு வருவது தன்பாலீர்ப்பு. இருபாலர் மீதும் வருவது இருபாலீர்ப்பு. பிறக்கும்போதே உடலமைப்பு ஆண், பெண் என்ற வரையறைக்குள் முழுமையாக அடங்காதவர்கள் ஊடுபால் உடையவர்கள். ஆங்கிலத்தில் எல்.ஜி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இவர்கள் எல்லோரையும் குறிக்கப் பால்புதுமையர் என்ற சொல்லும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மென்மையாகப் பேசும் பையன் எல்லோரும் திருநங்கை ஆவதில்லை. கிராப் வெட்டிக்கொண்டு பைக் ஓட்டும் பெண் எல்லோரும் திருநம்பி ஆவதில்லை. 14 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் பெயர் சூட்ட வேண்டிய அவசியமே இல்லை. தான் யார் என்பதை அந்தப் பிள்ளை தன் வேகத்தில் புரிந்துகொள்ளும். அதுவரை அது பயமில்லாமல் பள்ளிக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். பெரியவர்கள் உறுதிசெய்ய வேண்டியது அதைத்தான்.

நோயா? செல்போன் கெடுத்ததா?

வீடுகளில் முதலில் எழும் சந்தேகம் இது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990லேயே எடுத்துவிட்டது. திருநராக இருப்பதையும் மனநோய்களின் பட்டியலிலிருந்து 2019இல் நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் தன்பாலீர்ப்பு நோயல்ல என்று 2018இல் வெளிப்படையாக அறிவித்தது. நோய் இல்லாத ஒன்றுக்கு மருந்து இருக்க முடியாது. 'மாற்றிக் காட்டுகிறோம்' என்று சொல்லி ஊசி, மாத்திரை, ஷாக் என்று எந்த மருத்துவராவது சிகிச்சை கொடுத்தால், அது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது.

செல்போன் இதைக் கொண்டு வரவும் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டையை ஒட்டிய கூவாகத்தில், சித்திரை மாதத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளத் திருநங்கைகள் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். தெருக்கூத்தில் ஆண் பெண் வேடம் கட்டினால் ஊரே விடியவிடிய உட்கார்ந்து ரசிக்கிறது. மேடையில் கைதட்டல் வாங்கும் அதே நளினம் வகுப்பறையில் வந்தால் அடி விழுகிறது. வேடம் என்றால் ஏற்றுக்கொள்ள முடிகிறது, அதுவே ஒரு பிள்ளையின் இயல்பு என்றால் முடியவில்லை.

செல்போன் செய்திருப்பது வேறு. எங்கோ ஒரு கிராமத்தில் "உலகத்தில் நான் ஒருத்தன்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தன்னைப் போலப் பலர் இருப்பதை அது காட்டியது. கூடவே ஆபத்தையும் கொண்டு வந்தது. தனிமையில் இருக்கும் பிள்ளைகளிடம் டேட்டிங் ஆப், இன்ஸ்டாகிராம் வழியாகப் பழகி, போட்டோ வாங்கி, "உங்க வீட்டுல சொல்லிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மிரட்டலுக்கு அடிப்படையே, வீட்டில் சொன்னால் பிள்ளை செத்தான் என்பதுதான். வீட்டில் சொல்ல முடிகிற பிள்ளையை யாரும் அப்படி மிரட்ட முடியாது.

கிராமத்தில் கூடுதல் சுமை

நகரத்தில் ஒரு பள்ளி சரியில்லை என்றால் இன்னொரு பள்ளி இருக்கிறது. பக்கத்துத் தெருவில் கேலி செய்தால் வேறு தெரு வழியாகப் போகலாம். கிராமத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளி, ஒரே டவுன் பஸ், ஒரே டீக்கடை. பள்ளியில் பட்டப்பெயர் வைத்தவனே மாலையில் ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்கிறான். அவனுடைய அம்மாதான் இவனுடைய அம்மாவுடன் களை எடுக்கிறார். காலையில் வகுப்பில் நடந்தது சாயங்காலத்துக்குள் வரப்பு வரை வந்துவிடும்.

அதன் பிறகு பேச்சு பிள்ளையைப் பற்றி இருக்காது, குடும்ப மானத்தைப் பற்றி இருக்கும். "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல இது வேறயா?" என்பார் சித்தப்பா. "பங்காளிங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்பார் பெரியப்பா. கோடாங்கி வருவார், வேப்பிலை அடிப்பார். சில வீடுகளில் தலைமுடியை வெட்டுவார்கள். சில வீடுகளில் கயிற்றில் கட்டி அடிப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் சத்தமில்லாமல் முடிகிறது. தோழி மீது கொண்ட நேசம் வெளியே தெரிந்தால், முதலில் செல்போன் பறிபோகும், அடுத்து படிப்பு நிற்கும், மூன்றாவதாகக் கல்யாணப் பேச்சு. பையன் வீட்டை விட்டு ஓடினால் ஊர் பேசுகிறது. பெண்ணுக்கு அவசரமாகத் தாலி கட்டினால், ஊர் வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எழுத்தாளர் ரேவதி, வீட்டிலும் வெளியிலும் தான் பட்ட அடிகளைத் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்கு மறக்காது. வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் பத்தாவது கூட முடிப்பதில்லை. சான்றிதழ் இல்லை, கையில் காசு இல்லை, தெரிந்த ஊர் இல்லை. பிறகு கடை கடையாகக் கை தட்டிக் காசு கேட்கிறார்கள் என்று அதே ஊர் முகம் சுளிக்கிறது. அந்தக் கை ஒன்பதாம் வகுப்பில் பேனா பிடித்திருந்த கை என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

கோர்ட் என்ன சொல்லியிருக்கிறது?

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து நாடே கவனித்த சில தீர்ப்புகள் வந்திருக்கின்றன.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவு வழக்கில் தீர்ப்பளித்தது.

2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோருக்குப் பயந்து சென்னை வந்து, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார்.

அந்த உத்தரவில் பள்ளி, கல்லூரிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டங்கள் மூலம் பெற்றோருக்கு இதைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிவறை வேண்டும். படிவங்களில் ஆண், பெண் என்பதோடு திருநர் என்ற கட்டமும் வேண்டும். சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி வேண்டும். இப்பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்கள் வேண்டும். இவையெல்லாம் நீதிமன்றம் பரிந்துரைத்தவை. அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே, பால்புதுமையரைத் துன்புறுத்தும் காவலர்கள் மீது நடவடிக்கை எடுக்க ஏதுவாகக் காவலர் நடத்தை விதிகளை 2022இல் தமிழ்நாடு அரசு திருத்தியது. இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலையும் அதே ஆண்டு வெளியிட்டது.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை நேரில் விசாரித்து, தோழியுடன் போக அனுமதித்தது. குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டுமே உருவாவது அல்ல என்றும் சொன்னது. தன்பாலினத் திருமணத்துக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆனால், வயது வந்த ஒருவர் தனக்குப் பிடித்தவருடன் வாழ்வதைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. திருநராக இருப்பவரை வீட்டை விட்டோ, ஊரை விட்டோ வெளியேறும்படி செய்வது 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "எங்க ஊர்க் கட்டுப்பாடு" என்று யாரும் தப்ப முடியாது.

ஆனால், தீர்ப்பு நகல் தானாக வகுப்பறைக்குள் வருவதில்லை. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்காக ஒரு கையேட்டை என்.சி.இ.ஆர்.டி. 2021இல் வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே அது இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. கையேடு இருக்கிறதோ, இல்லையோ, ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனை அன்றாடம் பார்ப்பவர் அவனுடைய வகுப்பு ஆசிரியர்தான்.

டீச்சர் செய்யக்கூடியது

பெரிய பயிற்சி, பட்ஜெட் எதுவும் இல்லாமலே ஓர் ஆசிரியரால் செய்ய முடிகிற காரியங்கள் உண்டு.

முதலாவது, கேலியை நிறுத்துவது. வகுப்பில் அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தால், "இந்த வார்த்தை என் கிளாஸ்ல கூடாது" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். கேலிக்கு ஆளானவனை எழுப்பி நிற்கவைத்துச் சொல்லக் கூடாது. வார்த்தையைத்தான் கண்டிக்க வேண்டும். ஆசிரியர் ஒருமுறை சிரித்துவிட்டால், அந்த வருடம் முழுக்க வகுப்புக்கு லைசென்ஸ் கொடுத்ததாக அர்த்தம்.

இரண்டாவது, கழிவறை. இடைவேளையில் கூட்டம் சேரும்போதுதான் பிரச்னை வருகிறது. பாட நேரத்தில் போய்வர அனுமதிப்பதும், ஆசிரியர் கழிவறையைப் பயன்படுத்தச் சொல்வதும் உடனடியாகச் செய்யக்கூடியவை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கும் பிள்ளைக்குத் தொற்று வரும், வயிறு வலிக்கும்.

மூன்றாவது, ரகசியம் காப்பது. ஒரு மாணவன் நம்பி வந்து சொன்னதை ஸ்டாஃப் ரூமில் பேசுவதும், உடனே பெற்றோருக்கு போன் போடுவதும் நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஆபத்தில் முடியலாம். "இதை வேற யாருக்கு சொல்லலாம்? யாருக்கு சொல்ல வேணாம்?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். பாலியல் சீண்டல் நடந்திருந்தால் மட்டும் கதை வேறு. அது போக்சோ சட்டத்தில் வரும். தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அப்போதும் அந்தப் புகார் நடந்த குற்றத்தைப் பற்றியதாக இருக்க வேண்டுமே தவிர, பிள்ளையின் இயல்பைப் பற்றியதாக மாறிவிடக் கூடாது.

நான்காவது, ஆப்சென்ட்டைக் கவனிப்பது. ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் "ஏன் வரல?" என்று கேட்பதைவிட, "ஸ்கூல்ல யாராவது தொந்தரவு பண்றாங்களாப்பா?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. பூட்டுப் போட்டுச் சுவரில் தொங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடக் கூடாது. பெயர் எழுதாமலும் போடலாம் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, வகுப்பில் இந்த மனிதர்களின் பெயரைச் சொல்வது. மதுரையில் பிறந்து பரதத்தில் பெயர்பெற்று 2019இல் பத்மஸ்ரீ வாங்கிய நர்த்தகி நடராஜ், சேலத்திலிருந்து வந்து நீதிமன்றத்தில் போராடிக் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டரான பிரித்திகா யாஷினி என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆள்கள் இருக்கிறார்கள். பொது அறிவுக் கேள்வியாகக் கேட்டாலும் போதும். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அன்று இரவு தூக்கம் வரும்.

பிள்ளை வந்து சொல்லும் அந்த நிமிடம்

ஒரு நாள் அடுப்படியில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று பிள்ளை வந்து நிற்கலாம். சொல்வதற்கு முன் பல மாதம் ஒத்திகை பார்த்திருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அம்மா சொல்லும் வார்த்தையை ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருக்கும்.

அம்மாவுக்கு அதிர்ச்சி வரும். அழுகை வரும். "நான் வளர்த்த விதத்துல தப்பா?" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எல்லாம் இயல்பு. யாரும் ஒரே நாளில் புரிந்துகொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்: "எனக்கு இது புரியல கண்ணு. ஆனா நீ எம்புள்ள. சாப்பிட வா."

அப்பாக்களுக்கு இது இன்னும் கடினம். ஊர் முதலில் கேள்வி கேட்பது அவர்களைத்தான். கையை ஓங்கத் தோன்றினால் வீட்டை விட்டு வெளியே போய், நடந்துவிட்டு வரலாம். அடித்து மாறிய பிள்ளை கிடையாது. அடிபட்டு ஓடிப்போன பிள்ளை உண்டு, பூச்சிமருந்து டப்பாவைத் தேடிய பிள்ளை உண்டு. விவசாய வீடுகளில் அந்த டப்பா எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு கொந்தளிப்பு நடக்கும் நாள்களில் அதைப் பூட்டி வைப்பது அவசியம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அதில் முதன்மையானது. சரியாகாது. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். பரிகாரம், பூஜை என்று ஊர் ஊராக அழைத்துப்போவதும், உறவினர்களை எல்லாம் கூட்டிவைத்து விசாரணை நடத்துவதும் பிள்ளையைத் தூரத்தான் தள்ளும். தம்பி, தங்கைகளிடமிருந்து பிரித்து வைப்பதும் அப்படியே. இது தொற்றிக்கொள்ளும் விஷயம் இல்லை.

படிப்பு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் போனாலும் ஸ்கூல் ஃபீஸும் பஸ் பாஸும் நிற்கக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு சான்றிதழும் ஒரு பட்டமும் கையில் இருக்கும் பிள்ளைக்கு, நாளை ஊர் ஒத்துவராவிட்டாலும் வேலை இருக்கும். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ரயில்வே ஸ்டேஷன்தான் இருக்கும்.

ஊரும் உறவும்

எல்லா வீட்டிலும் அப்பா, அம்மா உடனே மனம் மாற மாட்டார்கள். அங்கேதான் ஓர் அத்தை, ஒரு பெரியம்மா, ஒரு தாய்மாமன் தேவைப்படுகிறார். "கொஞ்ச நாள் என் வீட்டுல இருக்கட்டும். இங்கேருந்து ஸ்கூலுக்குப் போகட்டும்" என்று ஓர் உறவினர் சொல்வது ஒரு பிள்ளையின் தலையெழுத்தை மாற்றக்கூடியது. நம்பிக்கையான பெரியவர் ஒரே ஒருவர் இருந்தால்கூட இந்தப் பிள்ளைகள் தாங்கி நிற்பார்கள்.

ஊருக்குள் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருபவர் கிராம சுகாதார செவிலியர். அங்கன்வாடி டீச்சரும் அப்படியே. ஒரு வீட்டில் பிள்ளையை அடைத்து வைத்திருந்தால் முதலில் தெரிவது இவர்களுக்குத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உள்ளூர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது, சத்துணவில் பருப்பு வேகவில்லை என்று பேசும் அந்தக் கூட்டத்தில், "ஆறு மாசமா ஒரு புள்ள ஸ்கூலுக்கு வரல, ஏன்?" என்ற கேள்வியும் எழ வேண்டும்.

கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. சண்டை போட வேண்டாம், பிரசங்கம் செய்ய வேண்டாம். மதியம் சத்துணவுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தனியாக இருப்பவனைத்தான் நான்கு பேர் சூழ்வார்கள். பக்கத்தில் ஒருவன் இருந்தால் யோசிப்பார்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அடி, உதை, கட்டாயக் கல்யாணம், வீட்டுச் சிறை என்று எது நடந்தாலும் 1098. பிள்ளையே அழைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம். பள்ளி தொடர்பான சிக்கலுக்குக் கல்வித் துறையின் 14417. மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416, டெலி மானஸ். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. "என் பிள்ளையை மாற்றிக் கொடுங்க" என்று கேட்டுப் போகாமல், "இதை நாங்க எப்படி எடுத்துக்கிறது?" என்று கேட்டு அப்பா, அம்மாவும் போகலாம்.

திருநருக்கென்று நலவாரியத்தை 2008இல் நாட்டிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு. அதன் உதவிகளுக்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம். உயர் கல்விக்குப் போக விரும்பும் திருநர் மாணவர்கள் அங்கே முதலில் விசாரிப்பது நல்லது.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இன்னும் டி.சி. கொடுக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு நாள் இருக்கிறது. வகுப்பு ஆசிரியர் ஒரு மாலை நேரம் டூவீலரை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவன் அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, "நாளையிலேருந்து முதல் பெஞ்ச்ல என் கண்ணு முன்னாடி உட்காரட்டும்மா. யாரும் எதுவும் சொல்லாம நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

மறுநாள் காலை அவன் வயிறு வலிக்கிறதா என்று பார்க்கலாம்.